தோட்டா உறைக் கழுத்தின் அளவாக்க விசை

தோட்டா உறைக் கழுத்தின் அளவாக்க விசை என்பது, ஒருமுறை சுடப்பட்ட ரைபிள் தோட்டாவின் பித்தளை உறையை மீண்டும் பயன்படுத்துவதற்காக, அதன் விரிந்த கழுத்தைச் சுருக்கி உரிய அளவுக்குக் கொண்டுவரும்போது கருவி செலுத்த வேண்டிய விசையாகும். தோட்டா மீள்நிரப்பலில் இவ்விசை உறைக்கு உறை மாறாமல் இருப்பது விரும்பப்படுகிறது. இது மாறினால், பின்னர் அக்கழுத்து குண்டைப் பற்றிக்கொள்ளும் இறுக்கமும் மாறுகிறது. குண்டு குழலை விட்டு வெளியேறும் வேகத்தில் இதனால் சிறு வேறுபாடுகள் தோன்றக்கூடும். 100 மீட்டர் தொலைவில் கண்ணுக்குத் தெரியாத அவ்வேறுபாடு, 1000 யார் (914 மீட்டர்) தொலைவில் இலக்கின் மேலும் கீழுமாகச் சிதறிய துளைகளாகத் தெரியும்.

அளவாக்க விசையைக் கருவியின் இயல்பாக மட்டும் கருதுவது பொதுவான பிழையாகும். அதே அழுத்தியில், அதே டையில், அடுத்தடுத்து இரு உறைகளை நுழைக்கும்போது ஒன்று இலகுவாகவும் மற்றொன்று இறுக்கமாகவும் செல்லுமானால், வேறுபாடு பெரும்பாலும் உறையில்தான் இருக்கிறது. பித்தளையின் பதம், கழுத்துச் சுவரின் தடிப்பு, உராய்வு ஆகிய மூன்றையும் சீராக்கினால் விசையும் பெரும்பாலும் சீராகும்.

உறுப்புகளும் சொற்களும்

பேச்சு வழக்கில் தோட்டா என்னும் சொல் முழுத் தொகுதியையும், அதன் நுனியிலிருந்து பறந்து செல்லும் உலோகத் துண்டையும் குறிக்கிறது. இக்கட்டுரையில் முழுத் தொகுதி தோட்டா எனவும், பறந்து செல்லும் துண்டு குண்டு எனவும் குறிக்கப்படுகின்றன. தோட்டாவின் மற்ற உறுப்புகள் பித்தளை உறை, அதனுள் இருக்கும் புகையில்லா வெடிமருந்து, அடியில் பொருத்தப்பட்டுத் தீயை மூட்டும் பிரைமர் என்பனவாம். குப்பி வடிவ உறையின் அகன்ற பகுதி உடல் எனவும், அது குறுகும் சாய்வுப் பகுதி தோள் எனவும், குண்டைப் பற்றியிருக்கும் ஒடுங்கிய பகுதி கழுத்து எனவும் அழைக்கப்படும்.

சுடும்போது எழும் வளிம அழுத்தம் உறையை விரித்துத் துப்பாக்கியின் அறைச் சுவரோடு ஒட்டச் செய்கிறது. அழுத்தம் தணிந்ததும் உறை சற்றுச் சுருங்கினாலும் பழைய அளவுக்குத் திரும்புவதில்லை. ஆகவே சுடப்பட்ட உறையின் கழுத்தில் புதிய குண்டை வைத்தால் அது நிற்காது, உள்ளே விழுந்துவிடும். கழுத்தைச் சுருக்கும் வேலை கழுத்து அளவாக்கம் எனப்படுகிறது. சுருக்கிய கழுத்தினுள் குண்டை அழுத்தி நுழைத்தல் குண்டு பொருத்தல் ஆகும். பொருத்திய பின் கழுத்து குண்டைப் பற்றியிருக்கும் இறுக்கம் கழுத்துப் பிடிப்பு எனப்படும். அளவாக்க விசை, பொருத்து விசை, கழுத்துப் பிடிப்பு ஆகிய மூன்றும் உறவுடையவை, எனினும் ஒன்றல்ல. மீள்நிரப்புவோர் நடுவே எழும் குழப்பங்கள் பலவற்றுக்கு இம்மூன்றையும் ஒரே பெயரால் அழைப்பதே காரணம்.

பின்னணி

பித்தளை உறையை மீண்டும் நிரப்பும் வழக்கம் அமெரிக்க ஐக்கிய நாட்டில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே பரவியிருந்தது. ஜான் பார்லோ 1884இல் தொடங்கிய ஐடியல் நிறுவனம் இதற்கான கைக்கருவிகளை விற்றது. தொடக்கத்தில் சிக்கனமே முதன்மை நோக்கமாக இருந்தது, ஏனெனில் தோட்டாவின் உறுப்புகளில் உறை மட்டுமே மறுமுறை பயன்படக்கூடியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் மேசை மீது துப்பாக்கியைத் தாங்கி வைத்துச் சுடும் பெஞ்ச்ரெஸ்ட் போட்டிகள் வளர்ந்தபோது துல்லியம் முதன்மையான நோக்கமாயிற்று. பின்னாளில் எஃப் கிளாஸ் எனப்படும் தொலைதூரப் போட்டி கனடாவில் தோன்றியது. ஜார்ஜ் ஃபார்குவார்சன் என்பவரின் பெயரின் முதலெழுத்தையொட்டி அதற்கு அப்பெயர் வழங்குகிறது. 1000 யார் எஃப் கிளாஸ் இலக்கில் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 10 அங்குலம், அதனுள் இருக்கும் நடு வளையத்தின் விட்டம் 5 அங்குலம் மட்டுமே. கழுத்துப் பிடிப்பு குறித்த ஆய்வும் வாதமும் பெரும்பாலும் இவ்விரு போட்டிக் களங்களிலிருந்தே வந்தன.

அளவாக்கத்தின்போது நிகழ்வது

உறைகள் பொதுவாக 70 விழுக்காடு செம்பும் 30 விழுக்காடு துத்தநாகமும் கலந்த பித்தளையால் ஆனவை. எந்த உலோகத்தையும் போலப் பித்தளையும் சிறு திரிபு வரை மீள்தன்மையோடு நடந்துகொள்ளும். விசையை எடுத்தால் பழைய வடிவுக்குத் திரும்பும். தகைவு ஓர் எல்லையைக் கடந்தால் நிலையாக உருமாறும். இவ்வெல்லையை இளகு தகைவு எனலாம். கழுத்தைச் சுருக்குவது என்பது அதை இந்த எல்லைக்கு அப்பால் கொண்டுசெல்வதே. ஆனால் உருமாறிய பிறகும் அதன் மீள்தன்மைப் பங்கு எஞ்சியிருக்கும். டையை விட்டு வெளியே வந்ததும் கழுத்து சிறிதளவு மீண்டும் விரியும். இது மீள்தெறிப்பு எனப்படுகிறது.

1952இல் அறிமுகமான .308 வின்செஸ்டர் தோட்டாவை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அதன் குண்டின் விட்டம் 0.308 அங்குலம் (7.82 மிமீ). கழுத்துச் சுவரின் தடிப்பு ஏறக்குறைய 0.014 அங்குலம் (0.36 மிமீ). ஆகவே குண்டு பொருத்திய கழுத்தின் வெளிவிட்டம் சுமார் 0.336 அங்குலம். பொதுவான தொழிற்சாலை அறையில் சுடப்பட்ட பின் அதே கழுத்து ஏறக்குறைய 0.343 அங்குலமாக விரிந்திருக்கும். அதனை 0.334 அங்குலத்துக்குச் சுருக்க வேண்டுமெனில் விட்டத்தில் 2.6 விழுக்காடு குறைய வேண்டும்.

பித்தளையின் யங் குணகம் ஏறத்தாழ 110 கிகாபாஸ்கல். நன்கு ஆற்றிப் பதமாக்கிய மென்மையான பித்தளையின் இளகு தகைவு 100 மெகாபாஸ்கல் அளவிலும், குளிர்நிலையில் பலமுறை உருமாற்றப்பட்டு இறுகிய பித்தளையுடையது 400 மெகாபாஸ்கல் அளவிலும் இருக்கும். இளகு தகைவை யங் குணகத்தால் வகுத்தால் மீள்தன்மைத் திரிபு கிடைக்கும். மென்மையான பித்தளைக்கு அது 0.09 விழுக்காடு, இறுகிய பித்தளைக்கு 0.36 விழுக்காடு. 8.5 மிமீ விட்டமுள்ள கழுத்தில் முன்னது 0.008 மிமீ மீள்தெறிப்பையும், பின்னது 0.031 மிமீ மீள்தெறிப்பையும் தரும். அதாவது ஒரே டையில் அளவாக்கிய இரு உறைகளின் கழுத்துகள், பித்தளையின் பதம் மாறியதால் மட்டுமே, 0.02 மிமீக்கு மேல் வேறுபடக்கூடும். இது ஆயிரத்தில் ஓர் அங்குலத்துக்குச் சற்றே குறைவு. கழுத்துப் பிடிப்பைச் சரிசெய்ய மீள்நிரப்புவோர் வழக்கமாக மாற்றும் அளவும் ஏறக்குறைய இதுவே.

இறுக்க அளவு என்னும் குறியீட்டின் குறை

மீள்நிரப்புவோர் கழுத்துப் பிடிப்பை விசையாகக் கூறுவதில்லை. குண்டின் விட்டத்துக்கும் அளவாக்கிய கழுத்தின் உள்விட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டையே கூறுகின்றனர். "ஆயிரத்தில் இரண்டு அங்குலம்" என்பது மிகப் பரவலான அளவு. இதனை இறுக்க அளவு எனலாம். அளப்பதற்கு எளிது என்பதால் இது நிலைபெற்றுவிட்டது.

ஆனால் மேற்கண்ட கணக்கையே குண்டு பொருத்தலுக்கும் பயன்படுத்திப் பார்த்தால் இதன் குறை விளங்கும். 0.308 அங்குலக் குண்டுக்கு 0.002 அங்குல இறுக்க அளவு என்பது 0.65 விழுக்காடு திரிபாகும். இது மென்மையான பித்தளை, இறுகிய பித்தளை இரண்டின் மீள்தன்மை எல்லையையும் கடந்தது. எனவே குண்டு நுழையும்போதே கழுத்து இளகி விரிந்துவிடுகிறது. அதன் பின்னர் குண்டைப் பற்றியிருக்கும் தகைவு இறுக்க அளவைப் பொறுத்ததன்று, பித்தளையின் இளகு தகைவைப் பொறுத்தது. இறுக்க அளவை 0.002இலிருந்து 0.004 அங்குலமாக உயர்த்தினால் பிடிப்பு இரு மடங்காகும் என்று பலர் எதிர்பார்க்கின்றனர். அவ்வாறு ஆவதில்லை. குண்டை நுழைப்பது கடினமாவதும், கழுத்து மேலும் இறுகுவதும், குண்டின் மேலுறை கீறப்படுவதுமே மிகுதி.

எளிமையாக்கிய ஒரு கணக்கு இதனை எண்களில் காட்டும். மெல்லிய வளையமொன்று உள்ளே இருக்கும் உருளையின் மீது தரும் அழுத்தம், வளையத்தின் தகைவைச் சுவர்த் தடிப்பால் பெருக்கி ஆரத்தால் வகுக்கக் கிடைக்கும். கழுத்து 7 மிமீ நீளத்துக்குக் குண்டைத் தொடுகிறது எனவும், உராய்வுக் கெழு 0.1 எனவும் கொள்வோம். இளகு தகைவு 100 மெகாபாஸ்கல் எனில் குண்டை நகர்த்த வேண்டிய விசை ஏறக்குறைய 160 நியூட்டன், அதாவது 16 கிலோகிராம் எடைக்குச் சமம். 200 மெகாபாஸ்கல் எனில் 32 கிலோகிராம். 400 மெகாபாஸ்கல் எனில் 65 கிலோகிராம். இறுக்க அளவு மூன்றுக்கும் ஒன்றே. உண்மையில் குண்டும் சற்று அமுங்குவதாலும், தோளின் அருகே கழுத்து வலுவாக இருப்பதாலும் இவ்வெண்கள் துல்லியமானவையல்ல. எனினும் விகிதத்தைப் புரிந்துகொள்ள இவை போதும்.

இதிலிருந்து அளவாக்க விசையின் சிறப்பு தெரியவரும். அளவாக்கும்போது எழும் விசை, பித்தளையின் இளகு தகைவு, சுவரின் தடிப்பு, சுருக்க வேண்டிய அளவு ஆகியவற்றின் பெருக்கத்தோடு உராய்வும் சேர்ந்து உருவாவது. பின்னர் பிடிப்பைத் தீர்மானிக்கப்போகும் காரணிகளும் ஏறத்தாழ இவையே. ஆகவே அளவாக்க விசையை ஒரு முன்னறிவிப்பாகக் கொள்ளலாம். மருந்து நிரப்பி, குண்டு பொருத்தி, சுட்டு முடித்த பின் தெரியவேண்டிய வேறுபாட்டின் ஒரு பகுதி நெம்புகோலைப் பிடித்திருக்கும் கைக்கு முன்கூட்டியே தெரிகிறது.

பித்தளையின் பதம்

மூன்று காரணிகளுள் இதுவே கண்ணுக்குத் தெரியாததும் பெரிதும் மாறுவதுமாகும். ஒவ்வொரு முறை சுடும்போதும் கழுத்து விரிகிறது, அளவாக்கும்போது சுருங்குகிறது, குண்டு பொருத்தும்போது மீண்டும் சற்று விரிகிறது. ஒவ்வோர் உருமாற்றமும் பித்தளையின் படிக அமைப்பில் குறைபாடுகளைப் பெருக்கி அதனை இறுகச் செய்கிறது. பித்தளைத் தகட்டை அடித்துப் பாத்திரமாக்கும் கன்னார் இடையிடையே அதைக் காய்ச்சி ஆற்றுவது இந்த இறுக்கத்தைப் போக்கவே. உறைக் கழுத்துக்கும் அதே மருந்துதான்.

மூன்று முறை சுடப்பட்ட உறையையும் எட்டு முறை சுடப்பட்ட உறையையும் ஒரே பெட்டியில் கலந்து வைத்திருப்பவர், எத்தனை விலையுயர்ந்த டை வாங்கினாலும் ஒரே விசையைப் பெற முடியாது. உறைகளைத் தொகுதி தொகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதியும் எத்தனை முறை சுடப்பட்டது எனக் குறித்து வைப்பது செலவில்லாத முதல் நடவடிக்கை.

ஆற்றிப் பதமாக்கலில் கழுத்தும் தோளும் மட்டும் சில நொடிகள் சூடாக்கப்படுகின்றன. வெப்பநிலையும் நேரமும் சேர்ந்தே விளைவைத் தீர்மானிக்கின்றன. உலையில் ஒரு மணி நேரத்தில் 400 பாகை செல்சியஸ் செய்யும் வேலையைச் சில நொடிகளில் செய்து முடிக்க அதைவிட மிகுதியான வெப்பநிலை தேவை. பலர் வளிமச் சுடர் முன் உறையைச் சுழற்றுகின்றனர். மின்தூண்டல் முறையில் சூடாக்கும் கருவிகளும் உள்ளன. நியூசிலாந்தில் செய்யப்படும் ஏ.எம்.பி கருவி இவற்றுள் நன்கு அறியப்பட்டது. சூடாக்கிய உறையை நீரில் இடுவது பற்றிப் பல நம்பிக்கைகள் நிலவுகின்றன. எஃகைப் போலப் பித்தளை நீரில் இட்டால் இறுகுவதில்லை, மென்மையாவதும் இல்லை. வெப்பம் மேலும் பரவாமல் நிற்கும், அவ்வளவே.

இங்கு ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. உறையின் அடிப்பகுதி இறுகிய நிலையிலேயே இருக்க வேண்டும். .308 வின்செஸ்டருக்கு அமெரிக்கத் தொழில்முறைத் தரம் அனுமதிக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 427 மெகாபாஸ்கல். அடிப்பகுதி மென்மையானால் அது இவ்வழுத்தத்தைத் தாங்காமல் கிழிந்து, சூடான வளிமம் சுடுபவரின் முகத்தை நோக்கி வரக்கூடும். உறை முழுவதையும் அடுப்பிலோ உலையிலோ சூடாக்குவது ஒருபோதும் செய்யத்தகாதது. மறுபுறம், கழுத்தை அளவுக்கு மீறிச் சூடாக்கினால் படிகத் துகள்கள் பெரிதாகிக் கழுத்து வலுவிழக்கும். அத்தகைய உறைகளை மீட்க வழியில்லை, எறிந்துவிட வேண்டியதுதான்.

இறுகிய பித்தளையில் தேங்கியிருக்கும் எச்சத் தகைவு துல்லியத்தை மட்டும் பாதிப்பதில்லை என்பதற்கு இந்தியாவில் நடந்த ஒரு நிகழ்வு சான்று. பிரித்தானியர் ஆட்சிக் காலத்தில் படையினர் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் சேமித்து வைத்த தோட்டாக்களின் உறைகள், யாரும் தொடாமலே வெடிப்பு விட்டிருந்தன. இது பருவ வெடிப்பு எனப் பெயர் பெற்றது. குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அமோனியாவும், உறையைச் செய்தபோது அதில் தங்கிவிட்ட தகைவும் சேர்ந்தே இதை விளைவித்தன என்பதை மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகியோர் 1921இல் விளக்கினர். ஆற்றிப் பதமாக்கித் தகைவை நீக்குவது இதற்கும் தீர்வாயிற்று. படைத்துறைத் தோட்டாக்களின் கழுத்தருகே இன்றும் காணப்படும் நீலங்கலந்த நிறமாற்றம் இந்தப் பதமாக்கலின் தடமே. அமோனியா கலந்த துப்புரவு நீர்மங்களை உறைகளின் மீது பயன்படுத்தலாகாது என்னும் அறிவுரையும் இதே காரணத்தால் சொல்லப்படுகிறது.

சுவரின் தடிப்பு

கழுத்துச் சுவர் சுற்றிலும் ஒரே தடிப்பாக இருப்பதில்லை. உறைக்கு உறையும் அது மாறும். 0.014 அங்குலச் சுவரில் 0.001 அங்குல வேறுபாடு என்பது 7 விழுக்காடு. அளவாக்க விசையும் ஏறக்குறைய அவ்விகிதத்தில் மாறும். ஆனால் கெடுதி அத்துடன் நிற்பதில்லை. வெளிப்புறத்திலிருந்து அழுத்தும் டை, கழுத்தின் வெளிவிட்டத்தை மட்டுமே ஒன்றாக்குகிறது. தடித்த சுவர் உட்புறம் நோக்கித் தள்ளப்படுவதால் உள்விட்டம் 0.002 அங்குலம் குறைந்துவிடுகிறது. குண்டு தொடுவது உட்புறத்தை என்பதால் பிழை இரட்டிப்பாகவே குண்டைச் சென்றடைகிறது.

இதற்கு இரு வழிகள் உள்ளன. முதலாவது, கழுத்தின் வெளிப்புறத்தைச் சீவிச் சுவரைச் சமன்செய்தல். போட்டியாளர் பலர் இதைச் செய்கின்றனர். பொறுமை வேண்டும் வேலை இது. இரண்டாவது, வெளியிலிருந்து சற்றே மிகையாகச் சுருக்கிய பின், குறித்த விட்டமுள்ள மேண்ட்ரல் என்னும் உருளைக்கோலை உட்புறமாகச் செலுத்தி விரித்தல். அப்போது தடிப்பு வேறுபாடு வெளிப்புறத்துக்குத் தள்ளப்படும், உள்விட்டம் ஒன்றாகும்.

கழுத்தும் தோளும் கூடும் இடத்தில் உட்புறமாகத் தடித்த வளையம் ஒன்று உருவாவதும் உண்டு. மீள்நிரப்புவோர் இதை டோனட் என்பர். குண்டின் அடி இவ்வளையத்தைக் கடந்து பொருத்தப்பட்டால் விசை திடீரென உயரும். உட்புறத்தைக் குடைந்து அதை நீக்கலாம். அல்லது குண்டின் நேரான பகுதி வளையத்துக்கு மேலேயே நிற்கும்படி பொருத்தலாம்.

உராய்வு

உராய்வுக் கெழு 0.1இலிருந்து 0.2ஆக மாறினால் மேலே கணக்கிட்ட விசை இரு மடங்காகும். இத்தகைய மாற்றம் நிகழ்வது மிக எளிது. சுடப்பட்ட கழுத்தின் உட்புறத்தில் மெல்லிய கரிப்படலம் இருக்கும். அது உலர் மசகாகச் செயல்படுகிறது. துருப்பிடிக்கா எஃகு ஊசிகளோடு நீரில் உருட்டிப் பளபளப்பாகக் கழுவினால் அப்படலம் முற்றிலும் நீங்கி, பித்தளையும் குண்டின் செம்புக் கலவை மேலுறையும் நேரடியாக உரசுகின்றன. விசை கூடுவதோடு ஒழுங்கற்றும் போகிறது. கண்ணுக்கு மிகத் தூய்மையாகத் தெரியும் உறைகளே மிகச் சீரற்ற பொருத்து விசையைத் தருவது புதிதாகத் தொடங்குவோரை வியக்க வைக்கும்.

ஆகையால் சிலர் கரியை நைலான் தூரிகையால் லேசாகத் தேய்ப்பதோடு நிறுத்திக்கொள்கின்றனர். வேறு சிலர் முழுதும் கழுவிய பின் காரீயகத் தூளைக் கழுத்தின் உட்புறத்தில் பூசுகின்றனர். எம்முறையாயினும் எல்லா உறைகளுக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும். எண்ணெயோ மெழுகோ உள்ளே தங்கலாகாது; வெடிமருந்தையும் பிரைமரையும் அது கெடுக்கும்.

கருவிகள்

வழக்கமான முழு அளவாக்க டை, மெல்லிய சுவருள்ள உறைக்கும் பிடிப்புக் கிடைக்கும்படி கழுத்தைத் தேவைக்கு மேல் வெகுவாகச் சுருக்கிவிடும். பின்னர் உறையை வெளியே இழுக்கும்போது கோளக்குமிழ் ஒன்று உட்புறமாகச் சென்று அதை விரிக்கும். ஒரே சுற்றில் இருமுறை உருமாற்றம் நிகழ்வதால் பித்தளை விரைவில் இறுகுகிறது. மசகு போதாவிடில் குமிழ் கழுத்தை இழுத்து நீட்டவும் வளைக்கவும் செய்யும்.

மாற்றக்கூடிய புஷ் கொண்ட டைகள் இக்குறையைக் குறைக்கின்றன. எஃகால் ஆன வளையமாகிய புஷ், ஆயிரத்தில் ஓர் அங்குல இடைவெளிகளில் பல அளவுகளில் கிடைக்கிறது. குண்டு பொருத்திய கழுத்தின் வெளிவிட்டத்தை அளந்து, அதைவிட 0.002 அல்லது 0.003 அங்குலம் சிறிய புஷ்ஷைத் தேர்வர். சுருக்க வேண்டிய அளவு பெரிதாயின் இரு புஷ்களைக் கொண்டு இரு படிகளில் செய்வது நல்லது. ஒரே படியில் வெகுவாகச் சுருக்கும்போது கழுத்து புஷ்ஷின் அளவைவிடச் சிறியதாக வெளிவருவதும் உண்டு.

லீ நிறுவனத்தின் காலெட் டை வேறு கோட்பாட்டில் இயங்குகிறது. நடுவில் மேண்ட்ரல் நிற்க, பிளவுபட்ட விரல்கள் போன்ற பற்றி கழுத்தை வெளியிலிருந்து அதன்மேல் நெரிக்கிறது. கழுத்தின் மீது சறுக்கல் இல்லாததால் மசகு தேவையில்லை. ஆனால் நெம்புகோலை எவ்வளவு அழுத்துவது என்பது கையைப் பொறுத்தது. விசையைச் சீராக்க வாங்கிய கருவியிலேயே விசை மனிதரால் மாறுகிறது என்பது இதன் முரண். அழுத்தம் குறைந்தால் கழுத்து முழுதாகச் சுருங்காது. ஒவ்வோர் உறையையும் சற்றுத் திருப்பி இரண்டாம் முறை அழுத்துவது பலரது வழக்கம்.

முன்னாளில் பெஞ்ச்ரெஸ்ட் களத்தில் கழுத்தை மட்டும் அளவாக்குவதே சிறந்தது எனக் கருதப்பட்டது. சில முறை சுட்டதும் உடல் இறுகி, தாழ்ப்பாளை மூடுவதே கடினமாவதால், பலர் பின்னர் உடலையும் தோளையும் சிறிதளவு சேர்த்தே அளவாக்கும் முறைக்கு மாறினர்.

விசையை அளத்தல்

கையால் உணர்வதை எண்ணாக்கும் கருவிகள் பலவகை. சிறு கை அழுத்தியில் வில் வளையங்களும் முள் அளவியும் பொருத்திய வகை பழையது. நீரியல் அழுத்தமானி பொருத்திய அழுத்திகள் உண்டு. மின்னோடியால் இயங்கி, விசையையும் நகர்வையும் சேர்த்து வரைபடமாகத் தருவன புதியவை. இவை பெரும்பாலும் குண்டு பொருத்தலை அளப்பதற்கே செய்யப்பட்டவை. எனினும் நேர்கோட்டு அழுத்தியில் பயன்படும் கை டைகளைக் கொண்டு அளவாக்கினால் அளவாக்க விசையையும் அளக்கலாம்.

உச்ச விசை ஒன்றை மட்டும் குறிப்பது தவறான முடிவுக்கு இட்டுச் செல்லும். நின்றிருக்கும் பொருளை நகர்த்தத் தேவைப்படும் தொடக்க விசை, நகரும்போது தேவைப்படுவதைவிட மிகுதி. எனவே கை நடுவில் ஒருமுறை தயங்கினாலும் முள் துள்ளும். வரைபடத்தில் கழுத்து முழுதும் கடந்து செல்லும்போது உள்ள சமமான பகுதியே பித்தளையின் பதத்தைக் காட்டும். தொடக்கத்தில் மட்டும் முகடு தோன்றினால் உறையின் வாய் விளிம்பு சரியாகச் சாய்க்கப்படவில்லை எனலாம். முடிவில் முகடு தோன்றினால் டோனட் வளையத்தை ஐயுறலாம். முழுக் கோடும் உயர்ந்திருந்தால் இறுகிய பித்தளை, தடித்த சுவர், உலர்ந்த கழுத்து ஆகிய மூன்றில் ஒன்று காரணம். திருகளவியால் சுவரை அளந்தால் இரண்டாவது காரணம் உறுதியாகும் அல்லது விலகும்.

பயன் குறித்த கருத்து வேறுபாடுகள்

கழுத்துப் பிடிப்பு துல்லியத்தை எந்த அளவுக்குப் பாதிக்கிறது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. மேலே கணக்கிட்டபடி கழுத்து குண்டின் மீது தரும் அழுத்தம் 9 முதல் 37 மெகாபாஸ்கல் வரை. சுடும்போது எழும் உச்ச அழுத்தமோ 400 மெகாபாஸ்கலை ஒட்டியது. ஆகவே அழுத்தம் உயரத் தொடங்கிய உடனேயே கழுத்து விரிந்து குண்டை விட்டுவிடும். அதன் தாக்கம் மருந்து பற்றிக்கொள்ளும் முதற்கணத்துக்கு மட்டுமே உரியது என்பது ஒரு சாரார் வாதம். அம்முதற்கணத்தில் மருந்து எவ்வாறு எரியத் தொடங்குகிறது என்பதே பின்னர் வருவதைத் தீர்மானிக்கிறது என்பது மறு சாரார் வாதம். மருந்தின் எடை, பிரைமரின் சீர்மை ஆகியவற்றில் கவனமில்லாதவர் கழுத்தை மட்டும் சீராக்கிப் பயனில்லை என்பதை இரு சாராரும் ஏற்கின்றனர்.

வேகத்தின் முக்கியத்துவம் ஐயத்துக்கு இடமற்றது. .308 வின்செஸ்டரில் 175 கிரெயின் எடையுள்ள குண்டு நொடிக்கு ஏறக்குறைய 2600 அடி வேகத்தில் வெளியேறுமானால், வேகத்தில் நொடிக்கு 10 அடி மாற்றம் 1000 யார் தொலைவில் சுமார் 8 முதல் 10 செமீ மேலிறக்கத்தை உண்டாக்கும். நடு வளையத்தின் முழு விட்டமே 12.7 செமீ என்பதை நினைவிற் கொள்க.

ஆனால் தாம் செய்த மாற்றம் உண்மையில் வேகத்தைச் சீராக்கியதா என அறிவதில்தான் பெரும்பாலோர் இடறுகின்றனர். ஐந்து தோட்டாக்களைச் சுட்டு வேகத்தின் திட்ட விலக்கத்தைக் கணித்து, "12 ஆக இருந்தது 7 ஆகிவிட்டது" என மகிழ்வது வழக்கம். இயல்நிலைப் பரவலில் ஐந்து அளவீடுகளிலிருந்து கணித்த திட்ட விலக்கத்தின் 95 விழுக்காட்டு நம்பக இடைவெளி, கணித்த மதிப்பின் 0.6 மடங்கிலிருந்து 2.87 மடங்கு வரை நீள்கிறது. 7 என்று வந்தது உண்மையில் 4 ஆகவும் இருக்கலாம், 20 ஆகவும் இருக்கலாம். முப்பது அளவீடுகளில் இவ்விடைவெளி 0.8 முதல் 1.34 மடங்காகக் குறுகும். விசையை அளப்பதன் உண்மையான நன்மை இங்கேதான் இருக்கிறது. சுடாமலேயே, மருந்தும் குழலும் தேயாமலேயே, ஒவ்வோர் உறையிலும் ஓர் அளவீடு கிடைத்துவிடுகிறது. விசை சீரானதால் வேகம் சீராகிவிட்டது என்பதற்கு அது சான்றாகாது. உறைகள் ஒன்றுபோல் உள்ளனவா என்பதற்கே சான்றாகும்.

பாதுகாப்பும் சட்டமும்

பிடிப்பு மிகக் குறைந்தால், தோட்டா அறைக்குள் செல்லும்போது குண்டு உள்ளே அழுந்தி, மருந்துக்கான இடம் சுருங்கி, அழுத்தம் அபாயகரமாக உயரலாம். தானியங்கித் துப்பாக்கிகளில் தோட்டா வேகமாகத் தள்ளப்படுவதால் இவ்வபாயம் மிகுதி. பெஞ்ச்ரெஸ்ட் போட்டியாளர் கையாளும் மிக இலகுவான பிடிப்பு அவ்வகைத் துப்பாக்கிகளுக்கு ஒவ்வாது. கழுத்தைச் சீவாமல் குறுகிய அறையில் சுடுவதும் ஆபத்து. கழுத்து விரிய இடமின்றிக் குண்டை இறுகப் பற்றினால் அழுத்தம் உயரும். வழக்கத்துக்கு மாறாக மிக இலகுவாகவோ மிக இறுக்கமாகவோ அளவாகும் உறையை அக்கணமே தனியே எடுத்து வைக்க வேண்டும். பிளவுபடத் தொடங்கிய கழுத்து பெரும்பாலும் இலகுவாகவே அளவாகும்.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் சொந்தப் பயன்பாட்டுக்காகத் தோட்டாக்களை மீள்நிரப்பக் கூட்டரசு உரிமம் தேவையில்லை. விற்பனைக்காகச் செய்வதற்கு உரிமம் தேவை. இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, தோட்டா உள்ளிட்ட வெடிபொருள் தயாரிப்புக்கு உரிமம் பெற வேண்டும் என்கிறது.